ரிசல்ட்டை எங்கள் கையில் கொடுங்கள்

காந்திகிராமம், சின்னாளபட்டி, செம்பட்டி, ஆத்தூர் சுற்றுவட்டாரத்தில் லேப் நடத்துகிறவர்களுக்கும், அங்கே ரத்தம் எடுக்கிற, மிஷினில் உட்கார்ந்திருக்கிற, பில் போடுகிற தம்பி தங்கைகளுக்கும்.



டாக்டர்களுக்கு எழுதவேண்டியதை எங்களுக்கு ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பீர்கள். டாக்டரிடம் ரிசல்ட்டைக் கேட்டால், "லேப்ல இருந்து இன்னும் வரலையே" என்கிறார். உங்களிடம் கேட்டால், "டாக்டர்கிட்ட அனுப்பியாச்சும்மா" என்கிறீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதம் பிரிண்டரிலிருந்து வரும்போது முதலில் தொடுகிற கை உங்களுடையது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். யாருடைய உடம்பிலிருந்து எடுத்தீர்களோ அவரிடம், சோதனை முடிந்த உடனே, அவர் மறுபடி மறுபடி வந்து நிற்காதபடி, ரிசல்ட்டைக் கொடுத்துவிடுங்கள். டாக்டருக்கு ஒரு பிரதி போகட்டும், தாராளமாக. எங்களுக்கு உரியது டாக்டர் மேசை வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை.

பஞ்சம்பட்டியிலிருந்தோ கலிக்கம்பட்டியிலிருந்தோ வரும் ஒரு கூலிக்காரப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சைத் தோட்டத்தில் வேலை. விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து ரத்தம் கொடுக்கிறாள். இரண்டு இட்லி தின்றுவிட்டு இரண்டு மணி நேரம் உங்கள் வாசல் படியில் உட்கார்ந்திருந்து, மறுபடி கையை நீட்டுகிறாள். அன்றைய வேலை போயிற்று. "சாயங்காலம் வாங்க" என்கிறீர்கள். சாயங்காலம் வந்தால், "ரிப்போர்ட் டாக்டருக்குப் போயிருச்சு, அவரைப் பாருங்க." அந்த டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறவர். அவர் வருகிற நாளில் டோக்கன் நாற்பதைத் தாண்டிவிடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்லது. போன கூலியை எந்த பஸ் திருப்பிக் கொடுக்கும்? இத்தனைக்கும் அந்தச் சர்க்கரை அளவு அன்று மதியமே உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கே பிடிக்கிற நேரம் வேறு, மனிதர்கள் சேர்க்கிற நேரம் வேறு. சிறுநீரில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். கிருமி தன் வேகத்தில்தான் வளரும், அதை யாரும் விரட்ட முடியாது. சதை எடுத்து அனுப்பும் பயாப்சியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, பெத்தாலஜிஸ்ட் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்க்க வேண்டும். மதுரைக்குப் போய்த் திரும்புவதற்கு ஒரு வாரம் ஆனால் ஆகட்டும், காத்திருக்கிறோம். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிபிநாட் கருவிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். ஹீமோகுளோபினுக்கு அதுவும் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் தெரிந்த விஷயம் ஒருவனுக்கு எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தால், நடுவில் போன ஏழு நாளுக்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. காசநோய்க்காரன் அந்த ஏழு நாளும் வீட்டில் பிள்ளைகளோடுதான் படுத்திருப்பான்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. மதுரையைத் தாண்டித் தெற்கே போனால் சாத்தூர். 2018இல் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதை மறக்கவும் கூடாது.

அந்த வருடம் நவம்பர் 30ஆம் தேதி, சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ஓர் இளைஞர் உறவுக்காரப் பெண்ணுக்காக ரத்தம் கொடுத்தார். வயது இருபதைத் தொடவில்லை. உறவுக்காரருக்கு அந்த ரத்தம் தேவைப்படவில்லை. அது சோதிக்கப்பட்டதாகவும் குறையில்லை என்றும் குறிக்கப்பட்டு, டிசம்பர் 3ஆம் தேதி சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகையோடு இருந்த ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அந்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். அதற்கான மருத்துவப் பரிசோதனையில்தான் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். ஓடிப்போய் ஒளியவில்லை. ரத்த வங்கிக்குத் தானே போய், என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது.

விசாரித்தபோது வெளிவந்த இன்னொரு விஷயம்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். 2016இலேயே அவர் ரத்ததானம் செய்திருந்தார். அப்போதே சோதனையில் கிருமி இருப்பது தெரிந்திருந்தது. அது அவருக்குச் சொல்லப்படவில்லை. அதாவது 2016இல் லேப் வேலை சரியாக நடந்திருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள், சோதித்தார்கள், சரியான விடை கண்டுபிடித்தார்கள். அந்த விடை உரியவரிடம் போகவில்லை, அவ்வளவுதான். இரண்டு வருடம் அது ஏதோ ஒரு பதிவேட்டில் கிடந்தது. அவர் அது தெரியாமலே நடமாடினார், நல்லது செய்கிறோம் என்று நம்பி மறுபடியும் கையை நீட்டினார்.

ரத்ததானப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு, உங்களில் முகாம்களுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்: சோதனையில் ஏதாவது மாறுபாடு தெரிந்தால் உங்கள் முகவரிக்குத் தெரிவிக்கலாமா, ஆம் அல்லது இல்லை. அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லி வாங்குகிறோம். டிக் அடித்த பிறகு அதை எடுத்துப் பார்த்து ஃபோன் போடுவது யார் வேலை என்று எழுதி வைத்திருந்தால், சாத்தூரில் அந்தப் பெண்ணுக்கு அந்தக் கதி வந்திருக்காது.

ரத்த வங்கிப் பணியாளர்கள் மூவர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அந்த இளைஞரோ, டிசம்பர் கடைசி வாரத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, 30ஆம் தேதி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்துபோனார்.

இந்த இடத்தில் உங்களில் யாராவது, "பாத்தீங்களா, சொன்னா இப்படித்தான் ஆகும், அதனாலதான் நாங்க சொல்றதில்லை" என்று நினைக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. 2016இல் ஒரு மூடிய அறையில், ஒரு கவுன்சலர் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் முழு ஆயுசும் வாழலாம் என்று சொல்லியிருந்தால் அது ஒரு செய்தி. தெரிந்த கையோடு, தன் ரத்தத்தால் ஒரு கர்ப்பிணிக்கு நோய் தொற்றிவிட்டது என்று ஊரெல்லாம் டிவியில் ஓடுவதைப் பார்ப்பது வேறு செய்தி. சொல்லாமல் வைத்திருந்த இரண்டு வருடம்தான் முதல் செய்தியை இரண்டாவது செய்தியாக்கியது.

எச்.ஐ.வி.க்கென்றே 2017இல் வந்த தனிச் சட்டம் 2018 செப்டம்பர் 10ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. சிவகாசியில் ரத்தம் எடுக்கப்பட்டபோது அதற்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. சம்மதம் கேட்டுச் சோதி, ஆலோசனையோடு சொல், அடுத்தவனிடம் சொல்லாதே என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். உங்கள் லேபில் அப்படி ஒரு ரிசல்ட் வந்தால் நீங்களே கவுன்சலராக மாறத் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. ஆளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இன்னொரு தடவை உறுதி செய்ய வேண்டும், இன்ன இடத்துக்குப் போங்கள் என்று சொல்லிக் காகிதத்தைக் கொடுக்கலாம். "டாக்டர் பாத்துச் சொல்லுவார்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது மட்டும் வேண்டாம். உங்கள் முகத்திலேயே பாதியைப் படித்துவிட்டு, மீதியைக் கற்பனை செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

"கொடுத்தால் இவர்களுக்குப் புரியாது" என்பது முதலாவது. சின்னாளபட்டி டீக்கடையில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு எவ்வளவு, மூணு மாசச் சர்க்கரை ஏழா ஒன்பதா, கிரியேட்டினின் ஒன்றரையைத் தாண்டிவிட்டதா என்று தறிக்காரர்களும் பூக்கட்டுகிறவர்களும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். புரியாத ஒன்று இருந்தால் பன்னிரண்டாவது படிக்கிற பேத்தி இருக்கிறாள், அவள் கையில் ஃபோன் இருக்கிறது. புரியாது என்று இந்த மண்ணில் நின்றுகொண்டு சொல்வது கொஞ்சம் வெட்கக்கேடும்கூட. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1959இல் இங்கே முன்னோடிச் சுகாதாரத் திட்டம் வந்தது, 1964இல் அதிலிருந்து ஊரக நலத்துக்கென்று தனி நிறுவனம். ஆத்தூர் ஒன்றியம் முழுக்க வீடு வீடாகப் போய், கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களிடம், அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும்கூட வாய்விட்டுப் பேசாத குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். உலகமே வந்து பார்த்த வேலை அது. அறுபது வருடத்துக்கு முன்பு எங்கள் பாட்டிகளுக்குப் புரிந்தது. எங்களுக்கு ஹீமோகுளோபின் புரியாதா?

புரிய வைப்பதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அது நீங்கள் அச்சடிக்கிற விதத்தில். பல ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'நார்மல்' என்று போட்டிருக்கும் அளவு, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குரியதாக இருப்பதில்லை. ஹீமோகுளோபின் பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தால் ரத்தசோகை, கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்கு, நடு மூன்று மாதத்தில் பத்தரைக்குக் குறைந்தால். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு அது. ஏழுக்குக் கீழே போனால் ஆபத்து. ஆணுக்குரிய அளவை ஐந்து மாதக் கர்ப்பிணியின் தாளில் அடித்துக் கொடுத்தால், அவளும் பயப்படுவாள், அவளுடைய மாமியாரும் பேசுவார். சாஃப்ட்வேரில் ஒரு பெட்டியை மாற்றினால் தீர்கிற காரியம்.

இரண்டாவது, "நாங்க விளக்கம் சொல்லக்கூடாது சார், டெக்னீஷியன்தானே." முழுக்கச் சரி. ரிப்போர்ட்டில் தகுதியுள்ள பெத்தாலஜிஸ்ட்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. விளக்கம் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. தபால்காரர் கடிதத்துக்கு அர்த்தம் சொல்வதில்லை, ஆனால் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதும் இல்லை.

மூன்றாவது நியாயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆளை அனுப்புகிறவர் டாக்டர். அவர் மனம் கோணினால் நாளைக்கு ஆள் வராது. சில இடங்களில் மாதக் கடைசியில் ஒரு கவரும் போகிறது. மருத்துவர்களுக்கான 2002ஆம் வருட நெறிமுறையே கமிஷன் வாங்கக்கூடாது என்கிறது. அதை இங்கே கிளற நான் வரவில்லை. ஒன்று மட்டும்: பில்லைக் கட்டுகிறவர் நோயாளி. ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணி வைத்தவரிடம், "உங்களுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லும்போது உங்களுக்கே நாக்குக் கூசவில்லையா? நல்ல டாக்டர்கள் இதைக் கேட்பதே இல்லை. கேட்கிற டாக்டரிடம் காட்ட உங்களுக்கு ஒரு பிடி வேண்டுமென்றால், தருகிறேன்.

அதே 2002 நெறிமுறையில் இருக்கிறது: நோயாளியோ அவர் அனுமதித்தவரோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே, 1996இல், நோயாளியிடமிருந்தே அவருடைய ஆவணத்தை ரகசியம் என்று மறைக்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2018இல் தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளிகளின் உரிமைகள் பதினேழை வரிசைப்படுத்தி ஒரு சாசனம் தயாரித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. பரிசோதனை அறிக்கைகள் உட்பட எல்லா ஆவணமும், உள்நோயாளியாக இருக்கும்போது கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள், வீடு திரும்பிய பிறகு 72 மணி நேரத்துக்குள் என்று அதில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் கொண்டுவந்து, அந்த 72 மணியை ஐந்து வேலை நாளாக்கியது. கம்ப்யூட்டர் யுகத்தில் காலம் குறையும் என்று பார்த்தால் கூடியது! நல்லவேளை, வேறு காரணங்களுக்காக அந்த மாதமே அந்த விதிகளை நிறுத்தி வைத்துவிட்டார்கள், பழையதே நீடிக்கிறது.

இதில் ஓர் ஓட்டை இருப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 72 மணி என்பது டாக்டர்களைக் கட்டும் விதி. தனியாக லேப் நடத்தும் உங்களை நேரடியாகக் கட்டாது என்று ஒரு வக்கீல் வாதாடலாம். சாசனமோ சட்டமே அல்ல. தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நீங்கள் பதிவுச் சான்றிதழ் வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது, ரிசல்ட்டை எத்தனை மணி நேரத்தில் யாரிடம் கொடுக்கிறாய் என்று சுகாதாரத் துறை ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்கச் சொல்லி அவர்களுக்கும் எழுதத்தான் போகிறேன். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே செய்துவிட்டால் உங்களுக்குப் பெருமை.

கொரோனா சமயத்தில் இதே வழக்கு வேறு உருவத்தில் வந்தது. 2020 ஜூனில் மும்பை மாநகராட்சி, பாசிட்டிவ் ரிசல்ட்டை லேப்கள் நோயாளியிடம் நேராகக் கொடுக்கக்கூடாது, மாநகராட்சிக்கு மட்டும் அனுப்ப வேண்டும் என்றது. படுக்கைக்கு எல்லோரும் முண்டியடிப்பார்கள் என்று பயம். உச்ச நீதிமன்றம் அந்த மாதம் 19ஆம் தேதி, நோயாளிக்கும் உறவினருக்கும் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும் என்று சொன்னது. நம் பக்கமும் அப்போது பலருக்கு ஃபோனில் ஒரு குரல், "உங்களுக்குப் பாசிட்டிவ், வண்டி வருது" என்றதோடு சரி.

அமெரிக்காவிலும் இதைச் சண்டை போட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள். சில மாகாணங்களில் லேப் நேரடியாக நோயாளியிடம் ரிசல்ட் கொடுக்க முன்பு சட்டமே அனுமதிக்கவில்லை. 2014இல் மத்திய அரசு விதியை மாற்றி, லேபிடமே கேட்டு வாங்கலாம் என்றாக்கியது. 2021 ஏப்ரலிலிருந்து, ரிசல்ட் தயாரானதும் தாமதிக்காமல் நோயாளியின் இணையக் கணக்கில் தெரியவேண்டும், டாக்டர் பார்த்தாரா இல்லையா என்று காத்திருக்கக்கூடாது. அங்கே நான்கு பெரிய மருத்துவ மையங்களில் 8,139 பேரிடம் கேட்டு 2023இல் ஓர் ஆய்வு வந்தது. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும் என்றவர்கள் 96 சதவீதம். கெட்ட ரிசல்ட் வந்தவர்களில் கூடுதலாகக் கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள், அதையும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் அவர்களிலும் பெரும்பாலோர் அடுத்த தடவையும் உடனே தெரிய வேண்டும் என்றுதான் சொன்னார்கள். தெரியாமல் காத்திருக்கும் இரவு, தெரிந்து கவலைப்படும் இரவைவிட நீளம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல் நம் வீடுகளில் இருக்கிறது. உங்களுக்கு அது வாரம் ஒரு தடவையாவது வரும். மகன் பைக்கில் வந்து இறங்கி, குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட சொல்லிராதீங்கண்ணே, என்கிட்ட மட்டும் குடுங்க" என்கிறான். பயாப்சி கவர். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பாசம்தான். ஆனால் அந்த அப்பாவுக்கு நிலம் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கலாம், தங்கச்சியிடம் பேச வேண்டியிருக்கலாம், வைத்தியமே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கிறது. வயிறு வலிக்கிறது என்று வந்தவர் ஏன் மதுரைக்கும் வேலூருக்கும் அலைக்கழிக்கப்படுகிறோம் என்றே தெரியாமல் செத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதே வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. கல்யாணமாகி மூன்று வருடம் பிள்ளையில்லை என்று இரண்டு பேருக்கும் சோதனை. பெண்ணின் ரிப்போர்ட்டை மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு நர்ஸ் வரைக்கும் படிப்பார்கள். ஆணின் ரிப்போர்ட் மட்டும் கவர் பிரிக்கப்படாமல் அவன் அம்மாவின் பீரோவுக்குள் போய்விடும். அந்த மருமகள் வருடக்கணக்கில் கோயில் கோயிலாகச் சுற்றுவாள்.

இதற்கெல்லாம் ரிசல்ட் வந்த பிறகு நீங்கள் நாட்டாமை செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். கேள்வியை முன்னாடியே கேட்டுவிடுங்கள். ரத்தம் எடுக்கும்போது, ரிசல்ட் நல்லதா கெட்டதா என்று ஒருவருக்கும் தெரியாத அந்த நேரத்தில், சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள்: "ஐயா, ரிசல்ட்டை உங்க கையில குடுக்கவா, வேற யார்கிட்டயாவது குடுக்கவா?" என் மகனிடம் கொடு என்று அவர் சொன்னால் அது அவர் விருப்பம், பில்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என் கையில்தான் என்றால், பைக்கில் வருகிறவனிடம் அந்த பில்லைக் காட்டினால் போதும், நீங்கள் கெட்டவராக வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஃபோன் நம்பரையும் அப்போதே சரிபாருங்கள். பல வீட்டில் ஒரு ஃபோன்தான், அது வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது நல்ல வசதி, ஆனால் அந்தப் பெண்ணின் ரிப்போர்ட் அவளுக்கு முன்னால் ஊரில் நாலு பேருக்குத் தெரிய அதுவே வழியாகிவிடக் கூடாது. மேசை மேல் எல்லோருடைய ரிப்போர்ட்டையும் அடுக்கி வைத்து, "உங்க பேர் இதுல இருக்கா பாத்து எடுத்துக்கங்க" என்பதும் வேண்டாம். உடனே கொடுங்கள் என்றால் சந்தையில் வைத்துக் கொடுங்கள் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட அவசரம். சில எண்கள் சாயங்காலம்வரை காத்திருக்காது. டெங்குக் காய்ச்சல்காரனுக்குத் தட்டணு பதினைந்தாயிரம், சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை நாற்பது, சிறுநீரகக்காரருக்குப் பொட்டாசியம் ஆறரை, இதெல்லாம் திரையில் வந்தால் அடுத்த ட்யூபை எடுப்பதற்கு முன் ஃபோனை எடுக்க வேண்டும். தரச்சான்று வாங்கிய லேப்களுக்கு இது விதியே. சான்று இல்லாத சின்ன லேப்களுக்கும் மனசாட்சி உண்டு. டாக்டருக்கு அடியுங்கள். எடுக்கவில்லையா, நோயாளி வீட்டுக்கு அடியுங்கள். "உடனே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, இந்த எண்ணைச் சொல்லுங்க" என்பதற்கு விளக்கவுரை தேவையில்லை. இதைச் செய்கிற லேப்காரர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் வந்து, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைத்த குடும்பங்கள் அவர்களைக் குலசாமி மாதிரி பேசுகின்றன.

காகிதமாகவும் கொடுங்கள். ஃபோன் தொலையும், உடையும். எங்கள் வீடுகளில் மஞ்சப்பையோ நகைக்கடைப் பையோ ஒன்று ஆணியில் தொங்கும், பத்து வருட ரிப்போர்ட்டும் அதில்தான். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் "பழசு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் அந்தப் பையைத்தான் கவிழ்க்கிறோம். அதில் இல்லாத ரிப்போர்ட்டுக்கு மறுபடி ஊசி, மறுபடி காசு.

ஆகவே, பில் போடும்போதே ரிசல்ட் எத்தனை மணிக்குத் தயாராகும் என்று அதில் எழுதுங்கள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தாமதமானால் எங்களை வரவழைக்காமல் ஒரு ஃபோன் போடுங்கள். வட்டாரத்தில் ஒரு லேப் ஆரம்பித்தால் மற்றவர்கள் ஒரு மாதத்தில் பின்னால் வருவார்கள், வியாபாரம் அப்படித்தான். யார் முதலில் ஆரம்பிக்கிறார்களோ அவர்கள் பெயரை அம்பாத்துரை ஸ்டேஷன் வரைக்கும் நானே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசல் பெஞ்சில் அடிக்கடி உட்கார்ந்திருக்கும் ஒரு காந்திகிராமத்துக்காரன்

பி.கு.: ஸ்கேன் சென்டர்காரர்களே, உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லையா என்று கேட்க வேண்டாம். 1994ஆம் வருடச் சட்டப்படி வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது. பெண் சிசுக்கொலை நடந்த உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தப் பயத்தைச் சாக்காக வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பு, நீரின் அளவு, நஞ்சுக்கொடி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைக்கூடச் சொல்லாமல், ஒட்டிய கவரைக் கையில் திணித்து அனுப்புகிறீர்கள். பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது என்று பலகை வைத்திருக்கிறீர்கள். மற்றதெல்லாம் தெரிவிக்கப்படும் என்று அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுத எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.